சயாமுக்குப் போய்த் திரும்பாத கொள்ளுத்தாத்தாவை எழுதலாமா?

உங்கள் கடிதத்தில் மூன்று கேள்விகள் இருக்கின்றன. கோலாலம்பூரில் ஒரு பல்கலைக்கழக வளாகத்தில் அண்மையில் நடந்த எழுத்தாளர் வாசிப்புக்கும், கடினமான வரலாற்றை எழுதுவது பற்றி அதையொட்டி இரண்டு நாள் நடந்த பயிலரங்குக்கும் உங்களால் வர முடியவில்லை. அங்கே என்ன சொல்லித்தந்தார்கள் என்பது முதல் கேள்வி. 1943இல் ஜப்பானியரின் சயாம்-பர்மா ரயில் பாதை வேலைக்காகத் தோட்டத்திலிருந்து சயாமுக்கு, அதாவது இன்றைய தாய்லாந்துக்கு, கொண்டுபோகப்பட்டுத் திரும்பாத கொள்ளுத்தாத்தாவைப் பற்றி எழுத நினைக்கிறீர்கள். எண்பத்தெட்டு வயது அப்பாயி வாய் திறப்பதில்லை, அப்பா ‘கிளறாதே’ என்கிறார். எதையும் நேரில் பார்க்காத உங்களுக்கு எழுத உரிமை உண்டா என்பது இரண்டாவது. கதையாக எழுதுவதா கட்டுரையாக எழுதுவதா என்பது மூன்றாவது.

நான் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியன். இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சிலாங்கூர், பேராக் தோட்டங்களிலிருந்து வந்த முதியவர்களின் பேச்சைப் பதிவு செய்து வருகிறேன். பயிலரங்கிலும் கடைசி வரை உட்கார்ந்திருந்தேன். அந்த உரிமையில் பதில் சொல்கிறேன்.

முதலில் வாசிப்பைப் பற்றி. வந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர், இப்போது வேறு நாட்டில் வாழ்கிறார். அவர் வாசித்தது இன்னும் அச்சேறாத குடும்பக் கதை என்பதால் பெயரை இங்கே எழுதவில்லை. ஈழப்போரைப் பற்றி வாசிப்பார் என்று நினைத்துத்தான் மண்டபம் நிறைந்திருந்தது. அவர் எடுத்ததோ மலாயாவை. யாழ்ப்பாணத்தில் மலாயன் பென்ஷன்காரர் என்று ஒரு தலைமுறையே இருந்தது. ஆங்கிலம் படித்து, இங்கே ரயில்வேயிலும் அரசாங்க அலுவலகங்களிலும் தோட்ட ஆபீஸ்களிலும் எழுத்தர் வேலை பார்த்து, ஊர் திரும்பிக் கல்வீடு கட்டியவர்கள். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பும் ஸ்காட் ரோடு கந்தசுவாமி கோயிலும் அவர்கள் இங்கே விட்டுச் சென்ற தடங்கள். எழுத்தாளரின் அம்மாவுடைய அப்பா பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணியாக, அதாவது ஆபீஸ் எழுத்தராக, இருந்தவர். அவர் இறந்தபின் டிரங்குப் பெட்டியைத் திறந்தார்களாம். கடிதங்கள், சம்பளச் சீட்டுகள், ரசீதுகள் எல்லாம் ஆண்டுவாரியாக நூல் கட்டி அடுக்கப்பட்டிருந்தன. 1941 கட்டு இருந்தது. அடுத்த கட்டு 1946. நடுவில் ஒரு தாள் இல்லை. எதையும் தூக்கிப் போடாத மனிதரின் பெட்டியில் நான்கு ஆண்டுகள் இல்லாமல் போயிருந்தன. சயாமுக்குப் போக வேண்டியவர்களின் பட்டியலை எழுதியது தன் தாத்தாவின் கையா என்ற கேள்வியோடு அவர் வாசிப்பை நிறுத்தினார்.

பின்வரிசையில் ஒரு பெரியவர் எழுந்தார். “என் பெரியப்பாவை லாரியில் ஏற்றிய தோட்டத்திலும் கிராணி யாழ்ப்பாணத்துக்காரர்தான்” என்றார். குரலில் கோபம் இல்லை, ஆனால் மண்டபம் அசையவில்லை. எழுத்தாளர் மேடையை விட்டு இறங்கி அவர் பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்து, எந்தத் தோட்டம் என்று கேட்டார். பெரியவர் சொன்னார். வேறு தோட்டம், வேறு மாவட்டம். அந்த நொடியில் இருவர் முகத்திலும் ஒரு நிம்மதி தெரிந்தது. மறுநாள் பயிலரங்கு தொடங்கியதும் எழுத்தாளர் முதலில் எடுத்தது அந்த நிம்மதியைத்தான். “நேற்று நாங்கள் இரண்டு பேரும் ஏன் மூச்சு விட்டோம்? அதை எழுதிப் பாருங்கள்” என்றார். காலை முழுவதும் அதிலேயே போனது.

உங்கள் அப்பாவின் ‘கிளறாதே’யை நான் இந்த இடத்திலிருந்துதான் பார்க்கிறேன். ஜப்பான்காரன் செய்த கொடுமையைச் சொல்ல நம் ஆட்கள் யாரும் தயங்கி நான் பார்த்ததில்லை. கோயில் திருவிழாவிலும் இழவு வீட்டிலும் அதைச் சொல்லிக்கொண்டேதான் இருந்தார்கள். பேச்சு நிற்கும் இடம் வேறு. பெரட்டில், அதாவது காலையில் ஆட்களைக் கூட்டிப் பெயர் கூப்பிடும் இடத்தில், பெயரை வாசித்தது யார், எவன் பெயர் விடுபட்டது, எவன் பெயர் சேர்ந்தது, ஏன் என்று வரும்போது வாய் மூடிக்கொள்கிறது. பெயரை வாசித்தவரின் பேரப்பிள்ளைகளோடு நாம் சம்பந்தம் செய்திருக்கிறோம். கடினமான வரலாறு என்ற பேச்சு எழும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருவது லயத்துக்குள்ளேயே, நம் ஆட்கள் குடியிருந்த வரிசை வீடுகளுக்குள்ளேயே, நடந்த இந்தக் காரியம்தான். உங்கள் அப்பா யாரையோ காப்பாற்றுகிறார். அது யார் என்பது உங்களுக்கு ஒருநாள் தெரியவரலாம். தெரிந்தபின் எழுதும் பக்கம்தான் எழுத வேண்டிய பக்கம்.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இது இல்லாமல் பட்டியல் எப்படி வந்தது என்பது விளங்காது. 1941 டிசம்பரில் ஜப்பான் படை கோத்தா பாருவில் இறங்கியது. 1942 ஜனவரி 11இல் கோலாலம்பூர் விழுந்தது. துரைமார் ஓடினார்கள், அல்லது சிறைப்பட்டார்கள். தோட்டத்து ஆபீஸ் சாவி கிராணி கைக்கு வந்தது. ரப்பரை ஏற்றுமதி செய்ய வழியில்லை, பால்வெட்டு குறைந்தது, அரிசி இல்லை. பர்மாவில் இருந்த தன் படைக்குக் கடல் வழியாகப் பொருள் அனுப்புவது ஜப்பானுக்கு ஆபத்தாக இருந்தது. அதனால் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட முடிவு செய்தது. 1942 நடுவில் தொடங்கிய வேலை 1943 அக்டோபர் 17இல் முடிந்தது. ஒரு நாளைக்கு ஒரு வெள்ளி (மலாயா டாலர்), மூன்று மாத ஒப்பந்தம், சாப்பாடு இலவசம் என்று விளம்பரம் வந்தது. பசியில் சிலர் தாமாகவே போனார்கள். போனவர்கள் திரும்பவில்லை என்று தெரிந்தபின் எல்லோரும் போக மறுத்தார்கள். அதன்பின் தோட்டத்துக்கு இத்தனை ஆள் என்று கணக்கு வந்தது. அந்தக் கணக்குக்குப் பெயர் போட வேண்டியது ஆபீஸில் இருந்தவரின் வேலையானது.

கிராணிக்கும் பால்வெட்டுக்காரருக்கும் இடையில் இருந்த கசப்பு ஜப்பான்காரன் கொண்டுவந்ததும் இல்லை. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது வைத்த கோரிக்கைகளில், துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிப்பதும் கள்ளுக்கடையை மூடுவதும் இருந்தன. தொழிலாளரைக் கொடுமைப்படுத்தும் ஆபீஸ் ஆட்களை நீக்க வேண்டும் என்பதும் இருந்தது. படை வந்து சுட்டதில் ஐந்து பேர் இறந்தார்கள். அது மே மாதம். எட்டு மாதம் கழித்து அதே கிராணிகளின் கையில் ஆபீஸ் சாவி, பின்னால் பெயர்ப் பட்டியல். இதைத் தெரிந்துகொண்டு எழுதினால் உங்கள் கதையில் வரும் கிராணி வெறும் வில்லனாக இருக்க மாட்டார். என் பதிவுகளில் இரண்டு வகையும் உண்டு. தன்னோடு சண்டை போட்டவனின் பெயரை முதலில் எழுதிய கிராணி இருக்கிறார். பிள்ளைக்காரர்களையெல்லாம் காய்ச்சல் என்று எழுதித் தள்ளிவிட்டு, கடைசியில் ஆள் குறைந்ததற்காக அடி வாங்கிய கிராணியும் இருக்கிறார்.

இனி பயிலரங்கு. நிறைய பேசினோம், எல்லாவற்றையும் எழுதப்போவதில்லை. உங்களுக்குப் பயன்படக்கூடியது ஒன்று உண்டு, அதை மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

வீட்டில் கேட்ட ஒரு நிகழ்ச்சியை ஒரு பக்கம் எழுதச் சொன்னார். எல்லோரும் எழுதினோம். பிறகு ஒவ்வொரு வினைமுற்றையும் எடுத்து, எழுதியவர் நேரில் கண்டதா, கேட்டதா, தானாக நிரப்பியதா என்று பார்க்கச் சொன்னார். கேட்டதாக இருந்தால் ‘ஆம்’ சேர்க்க வேண்டும். போனார் என்பது போனாராம் ஆகும். இருந்தது என்பது இருந்ததாம் ஆகும். நம் பாட்டிமார் கதை சொல்லும்போது தாமாகவே செய்வது இது. கேள்விப்பட்டதைக் கேள்விப்பட்டதாகச் சொல்ல நம் மொழி ஒரே அசையில் வழி வைத்திருக்கிறது. ஆனால் அச்சில் எழுத உட்கார்ந்ததும் அது கதைப்பாட்டித்தனமாக இருக்கிறதென்று நாம் முதலில் வெட்டி எறிவதும் அதைத்தான். வெட்டியதும் என்ன ஆகிறது? யாரோ சொல்லக் கேட்டதெல்லாம் நான் பக்கத்தில் நின்று பார்த்ததுபோல மாறிவிடுகிறது. என் பக்கத்தில் இருந்த மாணவியின் தாளில் ஐந்து இடத்தில் ‘ஆம்’ வந்தது. மீதி பதினான்கு வாக்கியம் அவரே நிரப்பியவை. அழுதுவிடுவார்போல இருந்தது. நிரப்புவதில் தவறில்லை, எது நிரப்பியது என்று உனக்கே மறந்துபோவதுதான் தவறு என்று எழுத்தாளர் அவரிடம் சொன்னார்.

அன்று இரவு வீட்டுக்கு வந்து என் பழைய ஒலிநாடா ஒன்றைப் போட்டுக் கேட்டேன். கிள்ளானில் மலிவு விலை அடுக்குமாடி வீட்டில் வாழும் ஓர் அம்மாவின் பேச்சு அது. அவர் அப்பாவும் சயாமுக்குப் போனவர். அப்போது அம்மாவுக்கு ஏழு வயது. பேச்சு முழுவதும் ‘ஆம்’தான். “பெரட்டுக்கு வரச் சொன்னார்களாம். பேர் கூப்பிட்டார்களாம். அம்மா காலில் விழுந்தாளாம். ஒரு சட்டை, ஒரு பித்தளைச் சொம்பு, அவ்வளவுதான் கொண்டுபோனாராம்.” எல்லாம் அவருடைய அம்மா பின்னாளில் சொன்னது. அதற்கு நடுவில் ஒரு வாக்கியம்: “அப்பா காலில் செருப்பு இல்லை.” அதில் ‘ஆம்’ இல்லை. அடுத்த வாக்கியத்திலேயே மறுபடி ‘ஆம்’ வந்துவிடுகிறது. எத்தனையோ முறை அந்த நாடாவைக் கேட்டிருக்கிறேன், எனக்கு அது தெரியவில்லை. அந்தக் காலை நேரத்தில் ஏழு வயதுக் குழந்தையின் கண் உயரத்தில் தெரிந்தது அப்பாவின் கால்தான். அவர் நேரில் கண்டது அது ஒன்றே. இத்தனை வருஷம் கழிந்தும் கேட்டதையும் கண்டதையும் அவர் நாக்கு கலக்கவில்லை. நான் அந்தப் பேச்சைத் தட்டச்சு செய்தபோது ‘ஆம்’களையெல்லாம் நீக்கி, செம்மையான உரைநடையாக்கி வைத்திருந்தேன். அந்தத் தாள்களை இப்போது ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டிருக்கிறேன்.

அதே நாடாவில் இன்னொரு தவறும் செய்திருக்கிறேன், அதையும் சொல்ல வேண்டும். லாரி ஏழு மணிக்கு வந்தது, கும்மிருட்டு என்று அந்த அம்மா சொல்கிறார். காலைப் பெரட்டு என்றும் சொல்கிறார். காலை ஏழு மணிக்கு இருட்டு எப்படி இருக்கும்? முதுமையில் குழம்பிவிட்டார் என்று நினைத்து, என் குறிப்பில் ‘மாலை 7’ என்று எழுதிவிட்டேன். பல ஆண்டுகள் கழித்துத்தான் விஷயம் தெரிந்தது. ஜப்பானியர் மலாயாவைப் பிடித்ததும் கடிகாரங்களை டோக்கியோ நேரத்துக்கு மாற்றினார்கள். முன்பிருந்ததைவிட ஒன்றரை மணி நேரம் முன்னே. அவர்களுடைய ஏழு மணி, பழைய கணக்கில் ஐந்தரை. விடிவதற்கு முந்திய இருட்டு. அந்த அம்மா சொன்னது ஒவ்வொரு எழுத்தும் சரி. படித்தவன் என்ற நினைப்பில் ஒரு சாட்சியை நான் திருத்தினேன். ஆண்டுக் கணக்கும் அப்படித்தான். அந்தக் காலத்துத் தாளில் 2602 என்று ஆண்டு போட்டிருந்தால் அது 1942. அப்பாயி சொல்வது உங்களுக்குப் பொருந்தாததுபோலத் தோன்றினால் அடித்துத் திருத்தாதீர்கள். அப்படியே எழுதி, ஓரத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டுவையுங்கள். விடை ஒருநாள் வரும்.

இதோடு சேர்ந்தது இன்னொன்று. 1943இல் அந்தப் பாதையை நம் ஆட்கள் யாரும் மரண ரயில் என்று சொல்லவில்லை. சயாமுக்கு வேலைக்குப் போகிறார் என்றார்கள். பின்னால் வந்த பெயரை முன்னால் வைத்துவிட்டால், லாரியில் ஏறிய ஒருவர் மூன்று மாதத்தில் திரும்பி வந்து பிள்ளைக்குச் சட்டை வாங்கித்தரலாம் என்று நினைத்தது நமக்குத் தெரியாமலே போய்விடும். முதல் படி எழுதும்போது, அன்று அவர்களுக்குத் தெரியாத சொல் ஒன்றுகூட வராமல் எழுதிப் பாருங்கள். கை கட்டுண்டதுபோல இருக்கும். ஆனால் கதை நகரும்.

உரிமை பற்றிக் கேட்டீர்கள். இதற்கு ஒரு பக்கத்தைப் பார்த்தால் போதும். அந்தப் பாதையில் வேலை செய்த நேச நாட்டுப் போர்க்கைதிகள் சுமார் 60,000 பேர். இறந்தவர்கள் 12,000க்கு மேல். அவர்களோடு அதிகாரிகள் இருந்தார்கள், மருத்துவர்கள் இருந்தார்கள். மூங்கிலுக்குள் மறைத்து நாட்குறிப்பு வைத்தார்கள், படம் வரைந்தார்கள், எவனை எங்கே புதைத்தோம் என்று குறித்தார்கள். அந்தக் குறிப்புகளைக் கொண்டு போர் முடிந்ததும் கல்லறைகளைத் தேடி எடுத்தார்கள். காஞ்சனபுரி போர்க்கல்லறையில் மட்டும் ஏறக்குறைய 7,000 பேருக்குத் தனித்தனி இடம் இருக்கிறது. ஆசியத் தொழிலாளர்கள் 1,80,000க்கும் மேல். மலாயாவிலிருந்து போனவர்கள் மட்டும் 70,000க்கு மேல், பெரும்பாலும் தமிழர்கள். ஆசியத் தொழிலாளர்களில் இறந்தவர்கள் 90,000 அளவில் இருக்கும் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. கைதிகளுக்குக் கணக்கு, நம்மவர்களுக்கு மதிப்பீடு. 1943 மழைக்காலத்தில் காலரா வந்தபோது நம்மவர் முகாம்களில் மருந்து இல்லை, பெயர் எழுதவும் ஆள் இல்லை. எழுதியவர்கள் எழுதிவிட்டார்கள் என்று விட்டுவிடக்கூடிய விஷயமா இது? நேரில் கண்டவர்தான் எழுத வேண்டும் என்றால் இந்தக் கதை எழுதப்படாமலே முடிந்துபோகும். உங்களுக்கு உரிமை உண்டு. அந்த உரிமையோடு வரும் வேலையும் உண்டு.

அந்த வேலையில் கடுமையானது அப்பாயியின் சம்மதம். ஒருமுறை கேட்டுத் தலையசைத்தால் போதாது. சொல்லும்போது ஒரு மனம், அச்சில் பார்க்கும்போது வேறு மனம். எழுதிய பக்கத்தை அவர் முன்னால் உட்கார்ந்து வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள். கிள்ளான் அம்மாவிடம் நான் அப்படிப் படித்தேன். கேட்டுக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் கையைக் காட்டி நிறுத்தினார். 1946இல் சயாமிலிருந்து திரும்பிய ஒருவர் அவருடைய அம்மாவிடம், உன் புருஷனைக் கடைசியாகக் காய்ச்சலோடு பார்த்தேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவுதான் செய்தி. இறந்த நாள் தெரியாது. தாலியைக் கழற்றவும் மனமில்லை. அவருடைய அம்மா அடுத்த ஆண்டு பக்கத்து லயத்து மனிதர் ஒருவரோடு வாழத் தொடங்கினார், மூன்று பிள்ளைகளைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. “அந்த வரி வேண்டாம், தம்பி” என்றார். எடுத்துவிட்டேன். நான்கு ஆண்டுகள் கழித்து அவரே தொலைபேசியில் கூப்பிட்டு, அம்மா பட்டதைச் சொல்லாமல் அப்பா பட்டதை மட்டும் சொல்வது நியாயமில்லை, சேர்த்துக்கொள் என்றார். சேர்த்தேன். அவர் கூப்பிடாமலே இருந்திருந்தால் அந்த வரி இன்றைக்கும் என் பெட்டியில்தான் இருக்கும்.

அப்பாயியை எப்படிப் பேச வைப்பது என்பதற்கு ஒரு வழி மட்டும் சொல்கிறேன். என்ன நடந்தது என்று கேட்காதீர்கள், அது விசாரணைபோல இருக்கும். மரவள்ளிக் கிழங்கை வேகவைத்து எடுத்துக்கொண்டு போங்கள். ஜப்பான்காரன் காலத்தில் கோணிச் சாக்கைத் தைத்து உடுத்தினார்களாமே, அரிக்காதா என்று கேளுங்கள். உடம்பு நினைவில் வைத்திருப்பது முதலில் வரும். அதற்குப் பின்னால் அப்பாயியின் அப்பா வருவார். வராவிட்டால் அன்று கிழங்கைத் தின்றுவிட்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

கதையா கட்டுரையா என்ற கேள்வியில் பயிலரங்கில் பெரிய வாக்குவாதமே நடந்தது. கதை என்று பெயர் வைத்துவிட்டால் எதையும் எழுதலாம் என்று இளைஞர்கள் சிலர் சொன்னார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. என் கருத்து இது: உங்கள் கையில் ‘ஆம்’கள் அதிகமாக இருந்தால் கட்டுரையாக எழுதுங்கள், ‘ஆம்’களை அப்படியே வைத்துக்கொண்டே எழுதுங்கள். இடைவெளி அதிகமாக இருந்து, அதற்குள் ஒரு மனிதரை நடமாடவிட வேண்டும் என்று தவித்தால் கதையாக எழுதுங்கள். அப்போது தோட்டத்தின் பெயரையும் கிராணியின் பெயரையும் மாற்றிவிடுங்கள். ஆனால் அவர் செய்த காரியத்தை மாற்றாதீர்கள். ஒன்றில் தொடங்கி மற்றொன்றுக்குப் போவதிலும் குற்றமில்லை. என் மாணவர் ஒருவர் கட்டுரையாகத் தொடங்கியது மூன்றாம் படியில் சிறுகதையானது.

1969 மே 13ஐப் பற்றி எழுத விரும்பிய இரண்டு பேர் அங்கே இருந்தார்கள். அரசாங்கக் கணக்கில் 196 உயிர்கள் போன இனக் கலவரம் அது. தேச நிந்தனைச் சட்டம் 1948 முதல் நடப்பில் இருக்கும் நாட்டில் அவர்களுடைய தயக்கம் வேறு வகையானது. அதற்கு வழக்கறிஞரின் யோசனையும் வேண்டும். உங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை என்பதால் விடுகிறேன்.

ஆனால் உங்களுக்கு வேறொரு சிக்கல் வரும், தயாராக இருங்கள். உங்கள் வீட்டுக் கூடத்தில் நேதாஜி படம் இருக்கிறது என்றும் அப்பாயியின் சித்தப்பா இந்திய தேசிய ராணுவத்தில் இருந்தவர் என்றும் எழுதியிருக்கிறீர்கள். நம் குடும்பங்களில் பலவற்றில் இப்படித்தான். ஒருவர் சயாமுக்கு, ஒருவர் ராணுவத்துக்கு. இந்த இரண்டையும் நாம் வேறு வேறு நாளில் பேசுகிறோம். ஒன்று பெருமை, ஒன்று துக்கம். ஆனால் தேதிகளை அருகருகே வைத்துப் பாருங்கள். 1943 அக்டோபர் 17இல் ரயில் பாதையின் இரு முனைகளும் சயாம் காட்டுக்குள் சேர்ந்தன. அக்டோபர் 21இல் சிங்கப்பூரில் நேதாஜி சுதந்திர இந்திய அரசாங்கத்தை அறிவித்தார். நான்கு நாள் இடைவெளி. அண்ணன் எந்தப் படையின் கீழ் சாகிறானோ, அதே படையோடு தோள் சேர்ந்து தம்பி விடுதலைக்கு அணிவகுக்கிறான். சயாமுக்குப் போவதிலிருந்து தப்பிக்கவே ராணுவத்தில் பெயர் கொடுத்ததாக என்னிடம் சொன்னவர்களும் உண்டு. அவர்கள் கண்ணில் நேதாஜி மேல் இருந்த பக்தியும் பொய்யில்லை. முதல்முறையாகத் தங்களைக் கூலி என்று கூப்பிடாத ஒரு தலைவரை அவர்கள் கண்டார்கள். இதில் எதையும் குறைத்து எழுதாதீர்கள். படத்தைச் சுவரிலிருந்து இறக்கச் சொல்லவில்லை. அந்தப் படத்துக்கு எதிரே உட்கார்ந்து கொள்ளுத்தாத்தாவைப் பற்றி எழுதுங்கள் என்கிறேன்.

ஆவணங்களைப் பற்றிச் சுருக்கமாக. கோலாலம்பூரில் முன்பு ஜாலான் டூத்தா என்றிருந்த ஜாலான் துவாங்கு அப்துல் ஹாலிமில் தேசிய ஆவணக் காப்பகம் இருக்கிறது. மலாயா பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறை 1956இலிருந்து இயங்குகிறது, அந்தப் பல்கலைக்கழக நூலகத்தின் தமிழ்த் தொகுப்பைப் பாருங்கள். சிங்கப்பூர் வாய்மொழி வரலாற்று நிலையம் 1979இல் தொடங்கியது. அவர்களுடைய ஜப்பானியர் காலப் பதிவுகளில் நிறைய இணையத்திலேயே கேட்கலாம். ஒலியைக் கேளுங்கள், எழுத்துப்படியை மட்டும் படிக்காதீர்கள். காரணம் மேலே சொல்லிவிட்டேன். கொள்ளுத்தாத்தாவின் பெயர் எந்தத் தாளிலும் கிடைக்காமல் போகலாம். கிடைத்தாலும் ஆங்கிலத்தில் எழுத்தைக் கொன்று எழுதியிருப்பார்கள். முனுசாமியும் முனியாண்டியும் ஒரே மாதிரி இருக்கும். அப்பா பெயரையும் கப்பல் வந்த ஆண்டையும் கையில் வைத்துக்கொண்டு தேடுங்கள்.

கடைசியாக ஒன்று. நீங்கள் எழுதியிருக்கும் தோட்டமும் கிள்ளான் அம்மாவின் தோட்டமும் ஒரே ஆற்றின் இரண்டு கரைகளில் இருந்தவை. இரண்டு தோட்டத்து ஆட்களையும் ஒரே வாரத்தில் ஏற்றினார்கள் என்று அவர் நாடாவில் சொல்கிறார். உங்கள் அப்பாயியை அவருக்குத் தெரிந்திருக்கலாம். அவருக்கு இப்போது காது சரியாகக் கேட்பதில்லை, ஆனால் பேச்சு தெளிவாக இருக்கிறது. இறந்த நாள் தெரியாததால் ஒவ்வோர் ஆண்டும் ஆடி அமாவாசையில்தான் அப்பாவுக்குப் படைக்கிறார். இலையில் சோறும் கிழங்கும், பக்கத்தில் ஒரு சோடி புதுச் செருப்பும் வைப்பார். மறுநாள் அதைக் கீழ்வீட்டுக் காவல்காரருக்குக் கொடுத்துவிடுவார். இந்த ஆடி அமாவாசைக்கு நானும் போகிறேன். அப்பாயியால் பயணம் செய்ய முடிந்தால் அவரையும் அழைத்துக்கொண்டு வாருங்கள். மின்தூக்கி அடிக்கடி நின்றுவிடும், வீடு இரண்டாம் மாடி, அதனால் வெயில் ஏறுவதற்கு முன் வருவது நல்லது. ஒலிப்பதிவுக் கருவியை நான் கொண்டுவருகிறேன். இரண்டு பேரும் பேசத் தொடங்கிய பிறகு எடுத்தால் போதும்.